பழைய காருக்குள் மழைத் தண்ணீர்: கண்ணாடி பீடிங்கிலிருந்து டோர் பேட் வரை

நீலகிரியில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜினை விடத் தண்ணீர்தான் பெரிய தொல்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு எதுவானாலும் வரும் புகார் ஒன்றுதான். கால் மேட் நனைந்திருக்கிறது, உள்ளே பூஞ்சை வாடை அடிக்கிறது, டோர் பேட் (கதவின் உள்பக்கத்தை மூடும் ரெக்சின் பலகை) உப்பி வெளியே வருகிறது என்பார்கள். அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. கம்பெனியில் அன்று அச்சு பதித்துக் கொடுத்த ரெக்சின் நனைந்து அழுகினால் அதே டிசைன் திரும்பக் கிடைக்காது. அதனால் உள்ளே எதையும் அழகுபடுத்தும் முன் தண்ணீரை நிறுத்த வேண்டும். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் ஒரு ரப்பரைக்கூடக் கழற்றாதீர்கள்.

சோதனைக்கு ஒரு தோட்டத்து ஹோஸ், டார்ச், பழைய செய்தித்தாள், முகப் பவுடர், மாஸ்கிங் டேப் இருந்தால் போதும். இன்னொரு ஆளும் கட்டாயம் வேண்டும். ஹோஸ் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்சக் கூடாது, மழை போல மெல்ல வழியவிடுங்கள். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடி, பிறகு வைப்பர், பிறகு கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்கங்கள், கடைசியில் மேல் விளிம்பு. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் கொடுங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகியது என்றே தெரியாமல் போகும். ஹை பிரஷர் வாட்டர் வாஷ் வேண்டவே வேண்டாம். நல்ல ரப்பரைக்கூட அது தூக்கிவிடும்.

கூடலூர், நடுவட்டம் பக்கம் இருப்பவர்கள் மே மாதத்துக்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் அப்புறம் வண்டியைக் காயவைக்க வாய்ப்பே கிடைக்காது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் கனமானது. அங்கே செப்டம்பர் கடைசிக்குள் பார்த்தால் சரி.

அறிகுறி 1: கால் வைக்கும் இடத்தில் தண்ணீர்

முதலில் விரலால் தொட்டு, முகர்ந்து பாருங்கள். ஹீட்டர் வைத்த வண்டி என்றால் அது இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட்டாக இருக்கலாம். வழுவழுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் டேஷ்போர்டு அடியில் ஹீட்டர் ஹோஸையும் கிளாம்பையும் பார்க்க வேண்டும், கண்ணாடிப் பக்கமே போக வேண்டாம்.

*மழைத் தண்ணீர்தான் என்றால், வண்டி நிற்கும்போதே சேர்கிறதா?*

கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் ஜாலி உள்ள வண்டியானால் அதற்குள் கைவிடுங்கள். இங்கே கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையும் சில்வர் ஓக் இலையும் உதிராத மாதம் கிடையாது. அவை உள்ளே போய் மட்கி, தண்ணீர் இறங்கும் துளையை அடைத்துவிடும். தேங்கும் தண்ணீர் வழிந்து காருக்குள் இறங்கும். குப்பையை அள்ளிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது உடனே வண்டிக்கு அடியில் வந்து விழ வேண்டும். செலவில்லாத வேலை இது. முன் கண்ணாடியே மாற்ற வேண்டும் என்று வந்த வண்டிகள் பல இதோடு சரியாகிப் போயிருக்கின்றன.

*ஜாலி சுத்தமாக இருந்தும் சேர்ந்தால்?*

வைப்பர் தண்டு வெளியே வரும் இடத்தில் சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் தண்டோடு இறங்கி, உள்ளே ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஒயர் எங்கே வளைகிறதோ அங்கேதான் சொட்டும். அதனால் சொட்டும் இடத்தை வைத்து ஓட்டையைத் தேடாதீர்கள். சொட்டிலிருந்து டார்ச் அடித்து, ஈரக்கோடு போகும் வழியில் மேலே ஏறுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளும் பானெட் கேபிளும் இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் இடத்திலும் இதே போன்ற ரப்பர் வளையம் உண்டு. எல்லாமே சில்லறைக் காசில் கிடைப்பவை.

*ஓடும்போது மட்டும் சேர்ந்தால்?*

அது டயர் வாரி அடிக்கும் தண்ணீர். தரையில் உள்ள ரப்பர் மூடி விழுந்திருக்கும், அல்லது தகடு துருவேறி ஓட்டையாகியிருக்கும். மேட்டையும் அதன் அடியில் உள்ள ஃபெல்ட்டையும் தூக்கிவிட்டு, ஒரு ஆள் அடியிலிருந்து டார்ச் அடித்தால் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். ஸ்குரூடிரைவரால் குத்தினால் தகடு உள்ளே போகிறதா? அப்படியானால் தகட்டு வேலை செய்யும் டிங்கரிடம் போங்கள். அதன் மேல் தாரையோ ஷீட்டையோ ஒட்டினால் துரு அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும்.

அறிகுறி 2: முன் கண்ணாடியின் மூலையில் சொட்டு

மலையில் முதலில் பார்க்க வேண்டியது வண்டி நின்ற சரிவு. மூக்கு கீழ்நோக்கி நின்றால் மேல் விளிம்பில் புகுந்த தண்ணீரும் கீழ் மூலையில்தான் வந்து சொட்டும். மூக்கு மேல்நோக்கி நின்றால் அதே தண்ணீர் ரூஃப் துணிக்குள் ஓடிப் பின் சீட்டை நனைக்கும். சோதனைக்கு வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள்.

கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பீடிங் ரப்பருக்கு இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்றில் கண்ணாடி உட்காரும், இன்னொன்றில் பாடித் தகட்டின் விளிம்பு உட்காரும். எந்தப் பள்ளம் ஒழுகுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடியும் ரப்பரும் சேரும் கோட்டை வெளியிலிருந்து மாஸ்கிங் டேப்பால் சுற்றி ஒட்டுங்கள். உள்ளே விளிம்பு முழுக்க முகப் பவுடர் தூவிவிட்டு ஹோஸ் பிடியுங்கள். சொட்டு நின்றுவிட்டால் கோளாறு கண்ணாடிப் பக்கம். நிற்கவில்லை என்றால் டேப்பை உரித்து, காயவைத்து, ரப்பரும் பாடியும் சேரும் கோட்டில் ஒட்டிப் பாருங்கள். தண்ணீர் வரும் இடத்தில் பவுடர் கரைந்து கோடு விழும்.

*ரப்பர் இன்னும் மென்மையாக இருந்தால்*

நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுந்தி, பிறகு பழையபடி எழுந்தால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது. அதை மாற்றாதீர்கள். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ரப்பரின் உதட்டை (கண்ணாடி மேலும் தகட்டின் மேலும் படியும் மெல்லிய விளிம்பு) தூக்கி உள்ளே இருக்கும் மண்ணையும் பாசியையும் வழித்தெடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் இறுகாத வகை விண்ட்ஸ்கிரீன் சீலண்டை மெல்லிய மூக்கு வழியாக உதட்டுக்கு அடியில் விட்டு, கையால் அழுத்தி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். அது எப்போதும் பசைபோலவே இருக்கும். வண்டி குலுங்கும்போது ரப்பரோடு சேர்ந்து அசையும்.

ஹார்டுவேர் கடையில் பாத்ரூமுக்கு வாங்கும் சிலிக்கானை மட்டும் தொடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான், இறுகும்போது அமிலத்தை விடும். பெயின்ட் உரிந்த தகட்டில் அது துருவைக் கிளப்பும். மேலே பூசினால் ஏற்கெனவே உள்ளே புகுந்த தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் அடைபடும். பிறகு அந்த இடத்தில் பெயின்டும் பிடிக்காது. நல்ல ரப்பரைக் கிழிக்காமல் கழற்றவும் முடியாது. வெளியே பளபளவென்று சிலிக்கான் பூசிய எந்தக் கண்ணாடியைக் கழற்றினாலும் அடியில் துரு இருக்கும் என்று எண்ணியே வேலையைத் தொடங்குங்கள்.

*ரப்பர் கல்லாக இறுகி, மூலையில் வெடித்திருந்தால்*

மாற்றத்தான் வேண்டும். ஊட்டி உயரத்தில் வெயில் சூடாகத் தெரியாது, ஆனால் புற ஊதாக் கதிர் கடுமை. பெரும்பாலும் மூலைகள்தான் முதலில் வெடிக்கும்.

கடைக்குப் போகும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லி ரப்பர் கேட்காதீர்கள். பழைய ரப்பரில் வெடிக்காத இடத்தில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அதன் வெட்டு முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரியும்: கண்ணாடிப் பள்ளத்தின் அகலம், தகட்டுப் பள்ளத்தின் அகலம், இரண்டுக்கும் நடுவே உள்ள தடிப்பு, வெளி உதட்டின் நீளம், குரோம் பட்டை இறங்கும் காடி. புதிய ரப்பரின் வெட்டு முகத்தை இதனோடு ஒட்டவைத்துப் பாருங்கள். கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்கும். ஆனால் பெயர் ஒன்றாகவும் வெட்டு முகம் வேறாகவும் இருக்கும் சரக்கு நிறைய உண்டு. மடித்துக் கட்டிவைத்திருந்த ரப்பரில் மடிப்புத் தடம் ஆழமாக இருந்தால் வாங்காதீர்கள்.

கழற்றும்போது பழைய ரப்பர் வேண்டாம் என்றால் வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்தெடுத்துவிடுங்கள். கண்ணாடி தானாகத் தளர்ந்து வரும். ஸ்குரூடிரைவர் கொடுத்து நெம்பினால் கண்ணாடி போய்விடும். பழைய வண்டிகளில் டஃபண்ட் கண்ணாடியும் இருக்கும், லேமினேட்டட் கண்ணாடியும் இருக்கும். மூலையில் உள்ள முத்திரையைப் படித்துப் பாருங்கள். டஃபண்ட் கண்ணாடி விளிம்பில் அடிபட்டால் மொத்தமும் சிறு மணிகளாக உதிரும். லேமினேட்டட் ஒரு மூலையில் அழுத்தம் கூடினால் கீறல் விட்டு ஓடும். இரண்டையும் தரையில் நிறுத்தாமல் போர்வை விரித்த மேசையில் படுக்கவையுங்கள்.

கண்ணாடி வெளியே வந்ததும் அவசரப்பட்டுப் புதிய ரப்பரை மாட்டாதீர்கள். தகட்டு விளிம்பைப் பாருங்கள். மேலாகத் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டு, துரு மாற்றும் திரவம் தடவி, எபாக்சி பிரைமரும் மேல் பெயின்டும் அடிக்க வேண்டும். ஈரக்காற்றில் பெயின்ட் காய்வதற்கு டப்பாவில் போட்டிருப்பதை விட அதிக நேரம் ஆகும். நகத்தால் அழுத்தித் தடம் விழாத வரை காத்திருங்கள். விளிம்பே தின்றுபோய் இருந்தால் டிங்கர்தான் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்ய வேண்டும். புட்டி வைத்து விளிம்பு செய்தால் ரப்பர் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

மாட்டும் நாள் வெயில் நாளாக இருக்கட்டும். குளிரில் ரப்பர் விறைத்து நிற்கும், கண்ணாடிக்குத்தான் ஆபத்து. வெயில் இல்லை என்றால் ரப்பரைச் சுடுநீரில் ஊறவைத்து எடுங்கள். முதலில் ரப்பரைக் கண்ணாடியில் சுற்றி மாட்டுங்கள். குரோம் பட்டை ரப்பருக்குள் இறங்கும் வகை என்றால் அதை இப்போதே ஏற்றிவிட வேண்டும். ரப்பரை இறுக்கிப் பூட்டும் ஃபில்லர் பட்டி வகை என்றால் அது கடைசியில் போகும். அப்புறம் 5 மி.மீ. நைலான் கயிறு ஒன்றைத் தகட்டுப் பள்ளத்தில் சுற்றி உட்காரவையுங்கள். இரண்டு முனையும் கீழ் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓரடி ஏறி, காருக்குள் தொங்க வேண்டும். பள்ளத்திலும் தகட்டிலும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ், எண்ணெய் கூடாது.

வெளியே ஒருவர் கண்ணாடியை இடத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வெளியே வரவர, ரப்பரின் உள் உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும். கயிறு எங்கே வெளியேறுகிறதோ அந்த இடத்துக்கு நேராகவே வெளியே இருக்கும் கை நகர வேண்டும். இறுகிப் பிடித்தால் இழுக்காதீர்கள், நிறுத்திச் சோப்புத் தண்ணீர் விடுங்கள். கடைசி மூலைதான் சிரமம். அங்கே குத்தினால் கண்ணாடி உடையும். கண்ணாடி முழுவதையும் அந்தப் பக்கமாக அழுத்தி நகர்த்தினால் மூலைக்கு இடம் கிடைக்கும்.

முழு வளையமாக வராமல் நீளமாக வெட்டி விற்கும் ரப்பர் வாங்கியிருந்தால், ரப்பர் ஜாயிண்டும் ஃபில்லர் பட்டியின் ஜாயிண்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது. பட்டியை இழுத்துக்கொண்டே செருகாதீர்கள். இழுத்துச் செருகியது சில வாரங்களில் சுருங்கி, ஜாயிண்டில் விரல் அகலத்துக்கு இடைவெளி விடும். சற்று நீளமாக வெட்டி, தள்ளித் தள்ளி இறக்குங்கள்.

கண்ணாடியில் ஏற்கெனவே கீறல் இருந்தாலோ, உங்கள் வண்டிக்கு இன்னொரு கண்ணாடி கிடைப்பது அரிது என்றாலோ, கழற்றுவதற்கு முன்பே பழைய வண்டி செய்து பழகிய கண்ணாடி ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். இன்றைய கார்களின் கண்ணாடி பசையில் ஒட்டுபவை. அந்த வேலை மட்டும் தெரிந்தவருக்குக் கயிறு முறை பழக்கம் இருக்காது, கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

அறிகுறி 3: புது ரப்பர் போட்டும் ஒழுகுகிறது

மூலைகளைப் பாருங்கள். உதடு மடிந்து உள்ளே மாட்டியிருந்தால் பிளாஸ்டிக் பட்டையால் வெளியே இழுத்துவிட்டால் சரியாகும். அது இல்லையென்றால் கண்ணாடியின் தடிப்பை அளந்து பாருங்கள். டஃபண்ட் கண்ணாடிக்குப் பதில் லேமினேட்டட் போட்டிருந்தால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரலாம். ரப்பருக்கு அந்த ஒரு மில்லிமீட்டரே பெரிது. அப்படியானால் சீலண்ட் உதவாது, பள்ளத்தின் அகலம் பார்த்து வேறு ரப்பர்தான்.

அறிகுறி 4: ரூஃப் துணியில் கறை

கறையின் வடிவமே காரணத்தைச் சொல்லும். குறுக்கே நேர்கோடாகப் பழுப்புக் கறை இருந்தால் அது துணியைத் தாங்கும் கம்பியின் துரு. இரவுக் குளிரில் கூரைத் தகட்டின் உள்பக்கம் வியர்த்து, கம்பியை நனைத்திருக்கிறது. ஒழுகல் இல்லை. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அடியிலிருந்து ஏறும் ஈரம் அதற்குள்ளேயே நிற்கும். ஷெட் இல்லாதவர்கள் காற்று போகும் துணிக் கவர் வாங்குங்கள்.

வட்டமாக, விளிம்பு அடர்ந்த கறை ஓரத்தில் இருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. முன் ஓரம் என்றால் அறிகுறி 2-க்குப் போங்கள். பக்க ஓரம் என்றால் கதவுக்கு மேலே ஓடும் மழைக்கால்வாயின் ஜாயிண்டில் வெடிப்பு இருக்கும். அதைச் சுரண்டி, பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் ஏறக்கூடிய சீம் சீலர் (தகட்டு ஜாயிண்டை அடைக்கும் பசை) போட வேண்டும்.

துணியைத் துவைக்க நினைக்காதீர்கள். தையல் நூல் பல பத்தாண்டுப் பழசு. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கறை போகாவிட்டாலும், கிழியாத ஒரிஜினல் துணி கறையோடு இருப்பது நல்லது என்பது என் கருத்து. தையல் விட்டிருந்தால் குஷன் கடைக்காரரிடம் கொடுங்கள். ஒவ்வொரு கம்பியும் எந்தத் துளையில் நின்றது என்று கழற்றும்போதே எண் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கம்பிகளின் வளைவு ஒன்றுக்கொன்று வேறுபடும், மாறினால் துணி சுருங்கி நிற்கும்.

அறிகுறி 5: டோர் பேட் உப்பி, கிளிப் கழன்று நிற்கிறது

இங்கே குற்றவாளி பேட் கிடையாது. கதவுக் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, அது அடியில் உள்ள துளைகள் வழியே வெளியேறிவிட வேண்டும். முதலில் அந்தத் துளைகளைக் கம்பியால் குத்திப் பாருங்கள். மண் கட்டியாக விழும். அடுத்து, பேடைக் கழற்றினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. எப்போதோ கண்ணாடி ஏற்றும் மெஷினைச் சரிசெய்தவர் கிழித்துப் போட்டிருப்பார். தடித்த பாலித்தீன் ஷீட்டை வெட்டி, பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்கள். ஷீட்டின் கீழ் விளிம்பு கதவுத் தகட்டின் உள்பக்கமாகப் போக வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே விழும்.

இப்போது பேடுக்கு வருவோம். ரெக்சினுக்குப் பின்னால் இருப்பது ஹார்டுபோர்டு. அதைத் திருப்பிப் பார்த்தால் கீழ் ஓரம் அடுக்கடுக்காகப் பிரிந்து, கிளிப் மாட்டும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் துரு வளையம் இருக்கும். ஓரம் மட்டும் பிரிந்திருந்தால் நன்றாகக் காயவைத்து, அடுக்குகளுக்கு இடையே மரப்பசை விட்டு, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி ஒருநாள் வையுங்கள். துளைகளே உதிர்ந்திருந்தால் புதுப் பலகை வேண்டும். 3 மி.மீ. மரைன் பிளைவுட் நல்லது. பழையதை மேலே வைத்து ஒவ்வொரு துளையையும் வரைந்து வெட்டுங்கள். மாட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களிலும், வார்னிஷ் அடியுங்கள்.

ரெக்சினைப் பழைய பலகையிலிருந்து உரிக்க ஹேர் டிரையர் போதும். இளஞ்சூட்டில் பசை தளரும்போது பலகையைத்தான் ரெக்சினிலிருந்து விலக்க வேண்டும், ரெக்சினை இழுத்தால் அச்சுக் கோடுகள் நீண்டுவிடும். ஹீட் கன் வேண்டாம். ரெக்சினில் சூட்டால் பதித்த அச்சுக் கோடுகள் விட்டு வாய் பிளந்திருந்தால் நீங்களே தைக்காதீர்கள், ஊசித் துளை விழுந்த இடத்தில் கிழிசல் ஓடும். குஷன் கடையில் பின்பக்கம் துணி கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி 6: பூஞ்சை வாடை, கண்ணாடியில் ஓயாத மூட்டம்

ஒழுகல் நின்றபின்னும் வாடை இருந்தால் ஈரம் மேட்டுக்கு அடியில் ஃபெல்ட்டில் ஒளிந்திருக்கிறது. செய்தித்தாளை அடியில் செருகி இரவு முழுக்க விடுங்கள், காலையில் நமுத்திருந்தால் அதேதான். ஃபெல்ட்டையும் சீட்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். தேங்காய் நார் வைத்த சீட் உள்ளே காய மூன்று நான்கு நல்ல வெயில் வேண்டும். ஜூலையில் இங்கே அது கிடைக்காது. சீட்டுகளைக் கழற்றி மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி மொட்டைமாடியில் காயவைத்துக் கொண்டுவருவது எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி.

ரெக்சின் மேல் வெள்ளைப் பூஞ்சைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, வண்டிக்கு வெளியே வைத்துத் துடைக்க வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் நிறத்தைத் தின்றுவிடும்.

அறிகுறி 7: காற்று விசில், கதவு ஓரம் ஈரம்

கதவு இடுக்கில் செய்தித்தாள் துண்டை வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கமாக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லூசாக வந்தால் ரப்பரை விடுங்கள், கீல் பின் தேய்ந்து கதவு இறங்கியிருக்கிறதா என்று கதவைத் தூக்கிப் பாருங்கள். லாக் பிடிக்கும் தகட்டைச் சற்று உள்ளே நகர்த்தினாலே பாதிக் கேஸ் முடிந்துவிடும். கீல் ஆடினால் டிங்கர் வேலை.

ரப்பர் நன்றாக இருந்தால் மாதம் ஒருமுறை கிளிசரின் தடவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், இன்ஜின் ஆயில், வாசலைன் எதுவும் ஆகாது, ரப்பர் உப்பிக் கொழகொழத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் காலைகளில் கதவு ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், ரப்பர் கிழிந்து கதவோடு வரும். மற்ற கதவைத் திறந்து உள்ளிருந்து தள்ளுங்கள். முன் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் சுடுநீர் ஊற்றக் கூடாது, கண்ணாடி கீறல் விட்டுவிடும். இன்ஜினை ஓடவிட்டு வெயில் ஏறும்வரை பொறுத்து, பச்சைத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள்.